வலது கை வளையல்

செஞ்சி
மாசி, 1946

மகளே,

நீ கோபித்துக்கொண்டு பட்டணத்துக்குப் பஸ் ஏறியதிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் கடலை மண்டியில் மனம் நிற்கவில்லை.

மாப்பிள்ளையைப் பெற்ற வல்லத்து அம்மாள் உனக்குப் பூ வைத்து வளையல் போட்டபோது, இடது கையில் நழுவி ஏறியது வலது கையில் சிக்கிக்கொண்டது. அம்மா சோப்பு எடுக்க ஓடினாள். அந்த அம்மாள் உன் கையைத் திருப்பிப் பார்த்து, "இன்னாம்மா, இந்தக் கை மட்டும் ஆம்பள கையாட்டம் இருக்குது?" என்று கேட்டார். நான் வியாபாரி அல்லவா, வாயில் வந்ததை விற்றேன். "கெணத்துல தண்ணி சேந்துன கைம்மா, நல்லா ஒழைக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நீ எழுந்து போனாய்.

பட்டணத்திலும் பெங்களூரிலும் டென்னிஸ் கோப்பை வாங்கிய கை அது. முழங்கால் கெட்ட பிறகுதானே ஆட்டத்தை விட்டாய்! கோப்பைகளை அவர்கள் கண்ணில் படாமல் அன்று காலையில் பெட்டியில் வைத்துப் பூட்டியதும் நான்தான்.

நேற்று வல்லம் போய் உள்ளதைச் சொன்னேன். பெங்களூர் கிளப்பில் ஆட்டம் சொல்லிக்கொடுக்க உன்னைக் கூப்பிட்டிருப்பதையும் சொன்னேன்.

"ஆடுனது ஆடிட்டா, போவட்டும். இனிமே மட்டையத் தொடக்கூடாது" என்றார் அந்த அம்மாள்.

மாப்பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறப்பார் என்று காப்பி ஆறும்வரை காத்திருந்தேன். பிறகு, "சரிப்படாதும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ பெங்களூர் வேலையில் சேர்ந்துவிடு. அம்மா அழுவாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இனி யார் பெண் கேட்டு வந்தாலும், என் மகள் டென்னிஸ்காரி என்று சொல்லிவிட்டுத்தான் உட்காரச் சொல்வேன்.

உன் நைனா