தங்கையின் கோல்

மார்ச் 4, செவ்வாய்

இன்று இரண்டு மேல் பல்செட், ஒரு கீழ் செட். கீழ் செட்டுக்கு டாக்டர் அனுப்பிய அச்சைப் பார்த்தால் அது மனித வாயில் எடுத்ததுதானா என்றே சந்தேகம். அதற்கும் பல் கட்டி அனுப்பியாயிற்று. செட் சரியாக உட்கார்ந்தால் டாக்டருக்குக் கைராசி. உட்காராவிட்டால் பல் கட்டியவளுக்குக் கண் தெரியவில்லை. பதினோரு வருடமாக இதே கதை.

சாயங்காலம் மைதானம். பெரியவர்களுக்கான கோலூன்றித் தாண்டும் வகுப்பு, இரண்டாவது வாரம். ஏழு பேர் சேர்ந்தோம். மெத்தையின் உயரத்தைப் பார்த்ததும் மூன்று பேருக்கு முதுகுவலி வந்துவிட்டது, இரண்டு பேருக்குத் திடீரென்று வேலை அதிகமாகிவிட்டது. மிச்சம் நானும் தபால் அலுவலகக் குமாஸ்தாவும். அவர் உடம்பில் முக்கால் பங்கு கால்கள்தான். கொக்கு என்று பெயர் வைத்திருக்கிறேன், மனதுக்குள்.

சொல்லிக்கொடுப்பவளுக்கு இருபத்து நான்கு வயது. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். வாயில் விசிலை வைத்துக்கொண்டே பேசுவாள். பாதி பேச்சு, பாதி ஊதல். அவளுக்கு விசில் என்று பெயர். கோலைப் ‘போல்’ என்கிறாள். எதைப் போல் என்று கேட்கத் தோன்றியது. விட்டுவிட்டேன்.

"ஒவ்வொரு போல்லயும் ஒரு நம்பர் போட்டிருக்கும். அது எத்தனை கிலோ தாங்கும்னு அர்த்தம். உங்க எடை அந்த நம்பரைத் தாண்டக் கூடாது. யாரு எவ்வளவு, சொல்லுங்க."

சந்தையில் மூட்டைக்குக் கேட்பதுபோல் கேட்டாள், திறந்தவெளியில், சத்தமாக. கொக்கு எழுபது என்றார். நான் ஐம்பத்து நான்கு என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

உண்மை அறுபத்திரண்டு. ஐம்பத்து நான்கு எங்கிருந்து வந்தது? யோசித்துப் பார்த்தேன். என் தங்கை, நம் வீட்டுச் சாம்பியன், அவளுடைய எடை அது. அம்மா யாரிடமோ பெருமையடித்துக் கேட்டிருக்கிறேன். பொய் சொல்லக்கூட எனக்கென்று ஓர் எண் கிடைக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

வகுப்பில் கொடுத்த கோல் துணி காயப்போடும் கழிதான், சந்தேகமே இல்லை. கட்டை, விறைப்பு. எழுபத்தைந்து என்று எண் போட்டிருக்கிறது. நான்கு எட்டு ஓடு, தரையில் பதித்த பெட்டிக்குள் நுனியை ஊன்று, தொங்கு, மெத்தையில் விழு. ஒரு மணி நேரம் இதுவே. கொக்கு ஒவ்வொரு தடவையும் விழுந்த இடத்திலேயே கிடந்து வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். எதற்குச் சிரிப்பு?

"வளையற போல் எப்ப தருவீங்க?" என்று கேட்டேன்.

"வேகம் இருந்தா அதுவா வளையும்கா. இப்ப உங்ககிட்ட வேகம் இல்ல."

அக்காவாம்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக் கூடத்தில் பதினேழு கோப்பைகள். ஒவ்வொரு ஞாயிறும் அம்மா துடைக்கிறாள். நடுவில் புகைப்படம்: சாம்பியன் தலைகீழாக, கோல் வில்லாக வளைந்து, கீழே ஊரே அண்ணாந்து பார்க்கிறது. பன்னிரண்டு வருடம் இந்த வீட்டில் சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம், எல்லாமே அவள் பயிற்சி நேரம்தான். என் பரீட்சை நாளில்கூட டிபன் பாக்ஸ் மாறி அவளுடைய உப்பில்லாத காய்கறிதான் எனக்கு வந்தது.

இரண்டு வருடம் முன்பு, ஒரு திங்கட்கிழமை, ‘இனிமே போகல’ என்றாள். அவ்வளவுதான். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் விற்கிறாள். அம்மா கேட்காத நாள் இல்லை: "இவ்வளவு வாங்கிட்டு ஏன்டி விட்டே?" பதில் கிடையாது. வசதியான பிள்ளைகளுக்குச் சலிப்பு வருவது இப்படித்தான். கிடைக்காதவளுக்கு அல்லவா தெரியும்.

நான் ஏன் அந்த வகுப்பில் சேர்ந்தேன் என்று நேர்மையாக எழுதிவிடுகிறேன். அதில் பெரிதாக ஒன்றுமில்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று இவர்களுக்குக் காட்ட.

அவளுடைய கோல் நடைச் சுவரில் இரண்டு ஆணிகளில் கிடக்கிறது. அம்மா அதன்மேல் துண்டு போடுகிறாள்.

மார்ச் 13, வியாழன்

இன்றும் துணிக் கழி. கொக்குக்கு ‘நல்லா வருது சார்’. எனக்கு ‘தோளைத் தளர்த்துங்க’.

மார்ச் 15, சனி

விசில் தன் மாணவிகளோடு வெளியூர்ப் போட்டிக்குப் போயிருக்கிறாள். எங்களை இரண்டு நாளும் ஓட்டப் பயிற்சி மட்டும் செய்யச் சொன்னாள். நான் வேறு முடிவு செய்தேன்.

காலையில் ஆணியிலிருந்து கோலை இறக்கினேன். துண்டுகள் விழுந்தன. சாம்பியன் பல் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"அது வேணாம்க்கா. அது சரியில்ல."

"ஏன், என் கை பட்டா அழுக்காயிடுமா?"

"அதுக்கில்ல..."

"அப்போ எதுக்கு? நீதான் விட்டாச்சே. சும்மாதானே கெடக்கு."

வாய் நிறைய நுரையோடு நின்றாள். பிறகு துப்பப் போய்விட்டாள். அம்மா சமையலறையிலிருந்து, "எடுத்துட்டுப் போட்டுமே, அவளாவது தாண்டட்டும்" என்றாள். அந்த ‘அவளாவது’ யாருக்கு விழுந்த குத்து என்று தெரியவில்லை. இருவருக்கும் சேர்த்துத்தான் இருக்கும்.

கோலில் எண் இருக்கும் இடத்தில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றியிருந்தது. கொக்கு அதைத் தடவிப் பார்த்தார். "நம்பர் தெரியலையே மேடம்?" அறுபது என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் சொன்னேன். என்னைவிட இரண்டு கிலோ குறைவாகச் சொல்லியிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நான்கு எட்டு. ஊன்றினேன். வளைந்தது. கடவுளே, வளைந்தது. கண் சிமிட்டுவதற்குள் நான் மெத்தையில் கிடந்தேன். கொக்கு கைதட்டினார். ஏழு முறை தாண்டினேன். ஏழு முறையும் வளைந்தது. வேகம் இல்லையாம் என்னிடம்.

நாளைக்கு ஆறு எட்டு. பிடியும் ஒரு சாண் மேலே.

மார்ச் 16, ஞாயிறு

உடைஞ்சு போச்சு.

வலது உள்ளங்கை எரிகிறது, எழுத்து கோணலாகத்தான் வரும். ஆறு எட்டு ஓடினேன், மேலே பிடித்தேன், ஊன்றினேன். வளைந்துகொண்டே போனது. நேற்றுப்போல் என்னைத் தூக்கும் என்று நினைத்தேன் — தூக்கவில்லை, மடங்கிக்கொண்டே போனது. பிறகு பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பக்கவாட்டில் பறந்தேன். பாதி உடம்பு மெத்தையில், பாதி வெளியே. இடது தொடை சட்டத்தில் அடித்தது. முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கோல் துண்டு சுழன்று போனதைப் பார்த்தேன். ஒரு விரற்கடை. அவ்வளவுதான் தூரம்.

கொக்கு ஓடி வந்தார். துண்டுகளைத் தன் ஷூ லேஸால் சேர்த்துக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, வாசல்வரை வந்தார். "அறுபதுன்னு சொன்னீங்களே மேடம்" என்றார். குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. நாற்பது வயது மனிதர் ஒற்றை ஷூவைத் தரையில் தேய்த்துக்கொண்டே திரும்பிப் போனார்.

அம்மாவிடம் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன்.

மார்ச் 17, திங்கள்

எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை. தொடை முழுக்கக் கத்தரிக்காய் நிறம். பல் கட்டும் கூடத்துக்கு இரண்டு நாள் லீவு.

மத்தியானம் அம்மா வெளியே போனதும் சாம்பியன் என் அறைக்கு வந்தாள். அவளும் லீவு போட்டிருக்கிறாள். துண்டுகள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. இழுத்தெடுத்து, மடியில் வைத்துக்கொண்டு, நகத்தால் கறுப்பு நாடாவைப் பிரித்தாள். நேரம் பிடித்தது. பசை நூல்நூலாக வந்தது.

ஐம்பது.

"நீ ஐம்பத்தி நாலுதானே?" என்றேன்.

"அது அம்மாகிட்ட சொன்னது. ஐம்பத்தி ஏழு. வளர்ந்துட்டேன்ல. கோச்கிட்ட பெரிய நம்பர் போல் கேட்டேன். உடம்பைக் குறை, போல் தானா சரியாகும்னாங்க. ஆறு மாசம் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடல. குறையல. நம்பரைப் பார்த்தா போட்டியில விட மாட்டாங்கன்னு நாடா சுத்தினேன்."

"அப்புறம்?"

"கடைசிப் போட்டியில அப்படியே மடங்கிச்சு. உடையல. ஆனா பெட்டிக்கு மேலயே என்னைக் கீழ போட்டுது. அடி ஒண்ணும் இல்ல. எழுந்து வந்துட்டேன். அதுக்கப்புறம் ஓடினா, மூணு எட்டு பாக்கி இருக்கும்போது கால் நின்னுடும். தினமும். நிக்கும். அந்த மடங்கின இடத்துல உள்ளே கீறியிருக்கும்க்கா. அதான் உன்கிட்ட வேணாம்னேன்."

"வாயைத் திறந்து முழுசாச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்க கேட்டே?"

கேட்கவில்லை. இரண்டு வருடம் இந்த வீட்டில் ஏன் ஏன் என்று எல்லாரும் கத்தினோம். கேட்கவில்லை. அவள் ராத்திரி சாப்பிடாத ஆறு மாசமும் பிகு பண்ணிக்கிறாள் என்று நான்தான் சொன்னேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சிரித்துக்கொண்டே சொன்னேன்.

எல்லா டாக்டர்களின் அச்சையும் பழித்துக்கொண்டு திரிகிறவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடாமல் இருந்தவளின் முகம் தெரியவில்லை. பெரிய கண்.

மார்ச் 18, செவ்வாய்

மைதானத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று செய்தி அனுப்பினேன். இன்னொரு பொய்.

மார்ச் 20, வியாழன்

நொண்டிக்கொண்டே போனேன். விசிலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோல், நாடா, ஆறு எட்டு, அறுபத்திரண்டு. அவள் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள். அவள் பற்களை இன்றுதான் முழுதாகப் பார்த்தேன். நல்ல வரிசை. கீழே ஒன்று மட்டும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

"நீங்க செத்திருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன், உங்க அம்மாகிட்ட?"

விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"எடைன்னா அசிங்கமா அக்கா? செருப்பு வாங்கப் போனா கால் சைஸைக் குறைச்சுச் சொல்வீங்களா? கடிக்கும்ல?"

பல் கட்டுகிறவளுக்கு வந்து அளவெடுக்கச் சொல்லித் தருகிறாள். ஆனால் சரியாகத்தான் சொல்லித் தருகிறாள். அதுதான் எரிச்சல்.

பக்கத்தில் கொக்கு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானும்... எழுபது இல்ல மேடம். எழுபத்தாறு" என்றார். துணிக் கழியின் எண் எழுபத்தைந்து. விசில் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் இரண்டு வாரம் தடை. பெஞ்சில் உட்கார்ந்து அவள் மாணவிகள் தாண்டுவதைப் பார்க்கவேண்டுமாம். இரண்டு வாரம் நானும் அவரும் பெஞ்சில். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு இது நடந்ததில்லை.

மார்ச் 27, வியாழன்

பெஞ்சு. கொக்கு வேர்க்கடலை கொண்டுவந்தார். நல்ல மனிதர். கொக்கு என்ற பெயரை மாற்றலாமா என்று பார்த்தேன். கால் அப்படியேதான் இருக்கிறது. மாற்றவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

தடை முடிந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது தங்கை செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் வரேன். நீ எடுத்தா மறுபடி வளையறதாப் பார்த்து எடுப்பே."

கோல்கள் வைக்கும் அறை நீளமாக, குகை மாதிரி, ரப்பர் வாசனையோடு இருந்தது. முப்பது கோலாவது இருக்கும். அவள் ஒவ்வொன்றாக இழுத்து எண்ணைப் படித்தாள். அறுபத்தைந்து போட்ட இரண்டை வெளியே எடுத்துக் கிடத்தினாள். உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரை தடவிக்கொண்டே போனாள், ஆணிக்காலணி பட்ட கீறல் ஏதாவது இருக்கிறதா என்று. ஒன்றில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். அதை ஒதுக்கினாள்.

மற்றது நீளம் என்றேன்.

"நீளமா இருந்தா என்ன, கீழ பிடி. நுனியைப் பிடிச்சாத்தான் பெருமையா? இங்க. இதுக்கு மேல கை போகக்கூடாது."

வெள்ளை நாடாவால் என் பிடியைக் குறித்தாள். விசில் வாசலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஊதவில்லை.

நான்கு எட்டு. ஊன்றினேன். கோல் வளையவே இல்லை. என்னை நிமிர்த்தி, மரியாதையாக மெத்தையில் இறக்கிவிட்டது. புகைப்படம் எடுக்க லாயக்கில்லாத தாண்டல். தங்கை, "இதான் சரி" என்றாள். அவ்வளவுதான் பாராட்டு. பன்னிரண்டு வருடச் சாம்பியனுக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் வராது போலிருக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று கயிறு கட்டினார்கள். ஒரு மீட்டர் அறுபது. என் உயரத்தைவிடக் கொஞ்சம் மேலே. மூன்றாவது முயற்சியில் தாண்டினேன். கொக்கு ஒன்று ஐம்பதில் கயிற்றோடு சேர்ந்து விழுந்து, அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

அம்மாவிடம் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்றாள். ஆமாம், அவ்வளவுதான். தங்கை ஏன் விட்டாள் என்பதையும் சொன்னேன், அவளை வைத்துக்கொண்டே. அம்மா இன்று ஞாயிறு இல்லாமலே துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து போய்த் தங்கையின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவள் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 24, வியாழன்

தங்கை மூன்று வாரமாக என்னோடு வருகிறாள். எனக்குக் குறை சொல்லத்தான் வருகிறாள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். இன்று நேராகக் குகைக்குள் போனாள். எண்களைப் படித்து, தடவிப் பார்த்து, ஒரு கோலோடு வெளியே வந்தாள். கயிறு வேண்டாம் என்றாள். ஆறு எட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டாள்.

முதல் ஓட்டம், மூன்று எட்டு இருக்கும்போது நின்றுவிட்டாள். இரண்டாவதும். விசில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்குச் சில விஷயங்கள் தெரியத்தான் செய்கின்றன. கொக்கு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், வலிக்கும் அளவுக்கு.

மூன்றாவதில் ஊன்றினாள். பெரிதாக ஒன்றுமில்லை. நானே இதைவிட உயரமாகப் போவேன். மெத்தையில் போய் விழுந்து, மல்லாந்து, அப்படியே கிடந்தாள்.

அடுத்தது என் முறை. கோலோடு நின்றேன். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று.

"எழுந்திருடி, இடத்தை விடு" என்று கத்தினேன்.

கொஞ்சம் நகர்ந்து படுத்தாள். எழவில்லை.