நாலு மணி பஸ்

மே 14

பல்லுக்காரிக்கு,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. போன் கோபுரம் மடங்கி விழுந்து கிடக்கிறது. தபால் வண்டி மட்டும் வருகிறது, அதனால் கடிதம்.

செய்தியில் பார்த்திருப்பாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்குச் சுழல்காற்று வந்தது. ஊருக்குள் இருந்தது நாலே நிமிஷம். நான் துணைமின் நிலையத்தின் கான்கிரீட் அறைக்குள் இருந்ததால் தப்பித்தேன். வெளியே வந்து பார்த்தால் நம் தெருவே இல்லை.

அம்மாவைக் காணவில்லை.

அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும். எங்கோ இடி இடித்தாலே மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்பவள். நம் வீட்டில் நிற்பது அந்த அறை ஒன்றுதான். உள்ளே ஊறுகாய் பாட்டில்கூட உடையவில்லை. அம்மா மட்டும் அதில் இல்லை. அந்த நேரத்தில் எங்கே போனாள் என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

ஊர் ஒரு மாதிரி இருக்கிறது. பறவைச் சத்தமே கிடையாது. சுவர் இல்லாத வீட்டுக்குள் யாரும் குறுக்கே நடப்பதில்லை. வாசல் இருந்த இடத்துக்குச் சுற்றிப் போய்த்தான் நுழைகிறார்கள். எதிர்வீட்டுத் தபால்காரர், கூரையில்லாத அந்த வெறும் தரையில் ஏறுவதற்கு முன் காலைத் துடைத்துக்கொள்கிறார். எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசுகிறோம், சத்தம் போட்டால் அது திரும்பி வந்துவிடும் என்பது போல.

நேற்று தபால்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் சம்சாரத்துக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

"அவ இங்க எங்க இருக்கா?" என்றேன்.

"என்னப்பா இது, அன்னிக்கு மத்தியானம் பச்சைக் குடையோட உங்க வீட்டுக்குள்ள போனாளே!"

பாவம், மனுஷன் கலங்கிப் போயிருக்கிறார்.

ஒரு உதவி. அம்மாவின் பல்செட் நீ செய்தது. அடையாளம் ஏதாவது உண்டா? அதிகாரிகள் கேட்கிறார்கள்.

கம்பத்துக்காரன்


மே 18

என்னங்க,

உறையில் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் அத்தை பத்திரமாக இருக்கிறார்கள் என்றுதான் எழுதியிருப்பீர்கள் என்று நினைத்துப் பிரித்தேன்.

மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப் பல் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அத்தைதான் கேட்டு வாங்கினார்கள். "எல்லாம் நேரா இருந்தா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சுடும்டி. ஒண்ணைக் கோணலா வை" என்றார்கள். உள்பக்கத்தில் ஊசிமுனையால் ஒரு சின்னப் பிறை கீறியிருப்பேன். எங்கள் பட்டறையில் அது என் அடையாளம். அதை யாரும் தேடிப் பார்க்கும்படி ஆகாமல் இருக்கட்டும்.

தபால்காரர் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதிர்ச்சியில் என்னென்னவோ தோன்றும். என்னிடம் இருப்பது கறுப்புக் குடைதான், உங்களுக்கே தெரியுமே.

இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் அனுப்புகிறேன். பழைய அளவுதான் தெரியும், அதையே எடுத்தேன். வேளைக்குச் சாப்பிடுங்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, சாப்பிடுங்கள்.

பல்லுக்காரி


மே 23

பல்லுக்காரிக்கு,

அம்மா கிடைத்துவிட்டாள். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற குளத்தில். முகத்தைப் பார்க்க விடவில்லை. கோரைப் பல்லைப் பார்த்தேன், பிறையைப் பார்த்தேன். ஆமாம் என்று சொன்னேன். முந்தாநாள் எல்லாக் காரியமும் முடிந்தது. ஊரில் மொத்தம் நாற்பத்தொரு பேர்.

காற்றென்றால் நடுங்குகிறவளுக்குப் பஸ் நிறுத்தத்தில் என்ன வேலை? கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

இன்னொன்று. உன்னைப் பார்த்ததாக இஸ்திரி போடும் அம்மாவும் சொல்கிறாள். பால்பூத்துக்காரரும் சொல்கிறார். பள்ளிக்கூடச் சுவரில் காணாமல் போனவர்கள் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். அதில் உன் பெயர் இருக்கிறது. எடுக்கச் சொன்னேன். "எட்டுப் பேர் சாட்சி சொல்லியிருக்காங்க" என்றார் எழுதுகிறவர். நீ உயிரோடு இருக்கிறாய், எனக்குக் கடிதம் எழுதுகிறாய் என்றேன். தபால்காரரை நான் எப்படிப் பார்த்தேனோ அப்படியே அவர் என்னைப் பார்த்தார். திரும்பி வந்து, உன் எழுத்துதானா என்று உன் கடிதத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

நேற்று சாயங்காலம் கம்பத்து உச்சியில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தேன். கீழே நம் வீட்டு வாசலில் பச்சையாக ஏதோ நின்றது. இறங்கி வருவதற்குள் இல்லை. தார்ப்பாயாக இருக்கும். தார்ப்பாய் என்றுதான் நினைக்கிறேன்.

நீ எங்கே இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது.

கம்பத்துக்காரன்


மே 28

என்னங்க,

நான் இங்கேதான் இருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அங்கே வந்திருந்தேன்.

தபால்காரர் கலங்கவில்லை. பச்சைக் குடை போன மாதம் வாங்கியது. போன கடிதத்தில் உங்களிடம் பொய் சொன்னேன். அத்தை எங்கேயாவது ஆஸ்பத்திரியில் கிடைத்துவிடுவார்கள், அவர்களே சொல்லிக்கொள்ளட்டும் என்று கோழைத்தனமாக இருந்துவிட்டேன்.

பிரிவுப் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து வாங்கத்தான் வந்தேன். கதவைத் திறந்ததும் அத்தை, "வா, சாப்பிட்டியா?" என்றார்கள். காலையில் கடைக்குப் போய்த் திரும்பியவளைக் கேட்பது போல. பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுக்க எனக்குக் கை வரவில்லை. அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "அவன் ஆறு மணிக்கு வந்துடுவான், இரு" என்றார்கள். நாலு மணி பஸ்ஸை விடக் கூடாது என்று கிளம்பிவிட்டேன். வானம் பழைய செம்புப் பாத்திரத்தில் பிடித்த களிம்பு நிறத்தில் இருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை.

பஸ் புறப்பட்ட பிறகு பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அத்தை செருப்பில்லாமல் ஓடி வந்து நிறுத்தத்தில் நின்றார்கள். இரண்டு கையையும் ஆட்டினார்கள். பஸ் கொஞ்சம் தயங்கியது. 'நிறுத்துங்க' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தும் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

என்னால்தான் அந்த அறையை விட்டு வெளியே வந்தார்கள். இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் கைகள்தான். உங்களிடம் மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை.

பதில் எழுத வேண்டாம் என்று தோன்றினால் எழுதாதீர்கள்.


ஜூன் 9

பல்லுக்காரிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். நீ வந்ததற்காக இல்லை. அம்மாவைக் குளத்திலிருந்து எடுத்தபோது எனக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரிந்திருந்ததே, அதற்காக. பிறகு, இரண்டு வருஷம் ஒரே ஒரு கடிதம்கூடப் போடாதவன் எவன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். நிறுத்தத்தில் நின்றவர்களில் பிழைத்தது கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர்தான். இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. இத்தனை நாள் அவருக்கு நினைவு தெளியவில்லை. அம்மா உன்னை எப்படிக் கூப்பிட்டாள் என்று கேட்டேன்.

"கூப்பிட்டாங்களா? யாருப்பா சொன்னது?" என்றார். "ஓடி வரும்போது பஸ்ஸை நிறுத்தத்தான் வந்தாங்க. வந்து நின்னவங்க எங்களுக்குப் பின்னால அந்தக் காத்து வர்றதைப் பார்த்தாங்க. நாங்க யாரும் திரும்பிப் பார்க்கலை. டிரைவர் கண்ணாடியில இவங்களைப் பார்த்து வேகத்தைக் குறைச்சான். உடனே இவங்க ரெண்டு கையாலயும் தள்ளுற மாதிரி, 'போ, போ, நிக்காத, போயிடு'ன்னு கத்துனாங்க. அந்தக் கத்தல்லதான் அவன் எடுத்தான்."

அவர் ஆறுதலுக்காகச் சொல்கிற ஆள் இல்லை. ஓடாத கடிகாரத்தை ஓடாது என்று முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பிக் கொடுக்கிறவர்.

"அப்புறம் ஏன் அம்மா ஓடலை?" என்று கேட்டேன். "பஸ் வளைவுல திரும்புற வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னாங்கப்பா. திரும்பினப்புறம்தான் என் கையைப் பிடிச்சாங்க" என்றார்.

அம்மாவுக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

அந்தப் பத்திரத்தைத் தபாலில் அனுப்பாதே. எடுத்துக்கொண்டு நேரில் வா. கையெழுத்து வேண்டுமென்றால் என் முகத்தைப் பார்த்துக் கேள், போட்டுத் தருகிறேன். கேட்க வேண்டாம் என்று தோன்றினால், அதையும் நேரில் வந்து சொல்.

கம்பத்திலிருந்து நான் இறங்க ஆறு மணி ஆகும். அதுவரைக்கும் இரு.

உன்,
கம்பத்துக்காரன்