அந்தப் பக்கத்தைத் திரும்பப் போடு

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமாக இருக்கிறாயா? இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, அண்ணன் புது வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று புலம்புகிறான், எனக்குத்தான் பத்து நாளாக இருப்புக்கொள்ளவில்லை. போன் செய்தால் “ம், சரிம்மா” என்று வைத்துவிடுகிறாய், கோபம் எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் மருந்துக்கடை மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன், நடுநடுவே மருந்துச் சீட்டோடு ஆள் வருகிறது, எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

நீ வலைப்பதிவில் எழுதியதை அண்ணன் காட்டினான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சோதனைக்கு வைத்திருக்கும் போலி விவரம் என்று நினைத்து, வாடிக்கையாளர்களின் நிஜ விவரங்களை அழித்துவிட்டாயாம், இரண்டு திரையும் ஒரே மாதிரி இருந்ததாம், அன்றிலிருந்து நிஜத் திரைக்குச் சிவப்பு நிறம் கொடுத்துவிட்டாயாம். சொந்தத் தப்பை ஊரைக் கூட்டிச் சொல்வார்களா, நாளைக்கு எவன் வேலை கொடுப்பான் என்று கத்தினேன், நீயும் அன்றைக்கே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டாய். அதற்கப்புறம் எதுவுமே எழுதவில்லை என்று அண்ணன் சொல்கிறான். இந்தக் கம்ப்யூட்டர்காரர்கள் வேலை முடிந்த பிறகும் ஏன்தான் மெனக்கெட்டு எழுதுகிறார்கள், வீடியோ போடுகிறார்கள் என்று அவனைக் கேட்டேன். “பேர் கிடைக்கும், அடுத்த வேலைக்கு உதவும், நாளைக்கு அவங்களுக்கே மறந்துபோனா எடுத்துப் பார்த்துக்கலாம்” என்றான். எல்லாம் தம்பட்டம்தானே என்றேன். அவன் தன் போனில் படம் எடுத்து வைத்திருந்த உன் பக்கத்தை நீட்டினான். கீழே யாரோ எழுதியிருந்தார், “நேத்து நானும் அழிக்கப் போனேன், நீங்க எழுதினது ஞாபகம் வந்து கையை எடுத்துட்டேன்.”

அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக யாரிடமும், அப்பாவிடம்கூட, சொல்லாததைச் சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த கடையில் ரத்த அழுத்த மாத்திரை வீரியம் கூடியது, குறைந்தது என்று இரண்டு அளவில் வரும், இரண்டும் ஒரே நீலப் பெட்டி, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒருநாள் நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன், ஆள் தெருமுனை தாண்டுமுன் ஓடிப்போய் வாங்கி வந்தேன். என் மேசைக்குப் பின்னால் இருந்த பெட்டியை மட்டும் சத்தமில்லாமல் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். அடுத்த மேசையில் இருந்தவளிடம் சொல்லவில்லை, நீ சிரிப்பு அத்தை என்று கூப்பிடுவாயே, அவள்தான். சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்ற வெட்கம். மூன்றாம் மாதம் அவள் தன் மேசையிலிருந்து வீரியம் கூடியதை மாற்றிக் கொடுத்தாள், சாப்பிட்ட பெரியவர் மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது, அவள் வேலை போயிற்று. “ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சுங்க” என்று முதலாளியிடம் அழுதாள். நான் பக்கத்தில் நின்று பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

உன்னை எடுக்கச் சொன்னது உன் மேல் அக்கறையில் மட்டுமல்லடி. என்னால் முடியாததை நீ பெயர் போட்டுச் செய்திருந்தாய், எனக்கு அது பொறுக்கவில்லை.

திரும்பப் போடு. வேலைக்கு ஆபத்து வருமோ என்று இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் போடு. இதைத் தபாலில் சேர்த்துவிட்டு நான் சிரிப்பு அத்தை வீட்டுக்குப் போகிறேன், இரண்டு தெருதான், பன்னிரண்டு வருஷமாக அந்த வாசலைத் தவிர்க்கச் சுற்று வழியில் போய்க்கொண்டிருக்கிறேன். கதவைத் திறப்பாளா, முகத்தில் அடித்தாற்போல் சாத்துவாளா, தெரியவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. கண் எரிச்சலுக்குச் சொட்டு மருந்து போட மறக்காதே, திறந்து ஒரு மாதம் ஆன குப்பியைத் தூக்கிப் போடு. அவள் என்ன சொன்னாலும் உனக்கு எழுதுவேன், ஒரு வார்த்தை மறைக்க மாட்டேன்.

உன் அம்மா