பொட்டு வைத்த இரும்பு

செப்டம்பர் 8, திங்கள்

துருவுக்கு ஒரு வாசனை இருக்கிறது. மழை நின்ற பிறகு கம்பிக் கதவைப் பிடித்தால் கையில் ஒட்டுமே, அது. ஹாஸ்டலுக்கு வந்து சோப்புப் போட்டுக் குளித்த பிறகும் விரலில் இருக்கிறது. அறையில் என்னோடு யாரும் இல்லாததால் யாருக்கும் தொந்தரவில்லை.

இருதயசாமி சார் இன்று சம்மதித்துவிட்டார். பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் அவருடைய ஷெட்டில் பில் போடத்தான் என்னை எடுத்தார். திருவாரூர் டாக்டர் ஒருவரின் பழைய பியட் கார் அங்கே பிரித்துக் கிடக்கிறது. "அந்த வண்டி சாமானச் செஞ்சு காட்டும்மா. பெயின்டர் வர்றப்ப சுத்தமா இருந்துச்சுன்னா, இனிமே துரு எடுக்குறது உன் வேலை. இல்லன்னா திருச்சிக்கு அனுப்பி மணல் பீச்சி சேண்ட் பிளாஸ்ட் பண்ணிக்கிறேன். நீ பில்லே போடு."

தலையை மட்டும் ஆட்டினேன். ஃபிட்டர் ராம்கி அண்ணன் சொன்னார்: "பேரு செம்மொழி. வாயில ஒரு மொழியும் வராது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். ஏன் தோன்றவில்லை?

செப்டம்பர் 11, வியாழன்

நீல டிரம்மில் தண்ணீர், சலவை சோடா. ஓரத்தில் பழைய இரும்புத் தகடுகள், நடுவில் கம்பியில் தொங்கும் கதவுக் கீல். பேட்டரி சார்ஜரின் ஒரு வயர் தகட்டுக்கு, இன்னொன்று கீலுக்கு. சுவிட்சைப் போட்டதும் கீலைச் சுற்றிப் பொடிக் குமிழிகள் — உலை கொதிக்கத் தொடங்கும்போது அடியிலிருந்து கிளம்புமே, அப்படி. சாயங்காலம் துரு கறுத்துக் கூழாகியிருந்தது. பிரஷ் பட்டதும் கழன்று வந்தது. உள்ளே சாம்பல் நிற இரும்பு.

காட்ட யாரையாவது கூப்பிட வேண்டும் போலிருந்தது. எல்லோரும் டீக்குப் போயிருந்தார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

குத்தாலத்திலிருந்து அம்மா. குறுவை அறுப்புக்கு மிஷின் கிடைக்கவில்லையாம். பிறகு, "அங்க யாரோட சாப்புடுற?"

"எல்சின்னு ஒரு பொண்ணும்மா. கூட வேலை பாக்குது."

அப்படி ஒருத்தி இல்லை. நான் டயர் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அம்மா நிம்மதியாகப் போனை வைத்தாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

எல்சிக்கு வத்தக்குழம்பு பிடிக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கடைசிச் சாமானும் முடிந்தது. துடைத்து, காயவைத்து, பெயின்ட் பிடிக்க வேண்டுமே என்று எண்ணெய் தடவாமல் பலகையில் பரப்பினேன். சாயங்காலம் வருவதாகச் சொன்ன பெயின்டர் நாகநாதன் வரவில்லை. பூஜை லீவு முடிந்துதான் வருவாராம். அதுவரை வெறும் இரும்பு இந்த ஈரக் காற்றைத் தாங்காது. காலையில் முதல் வேலையாக எண்ணெய் தடவிவிட வேண்டும்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

எண்ணெய் டப்பாவை எடுக்கும்போதே ராம்கி அண்ணன் சந்தனம் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஸ்பேனர், கம்ப்ரஸர், வெல்டிங் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு. சார் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் அவர் வாங்கியதுதான்.

"ஏம்மா செம்மொழி, நீ தொலக்குன சாமானுக்கு நீயே வையி. வா."

கேலிக்கு இல்லாமல் என் பெயரை அங்கே யாரும் சொன்னதில்லை.

ஈரச் சந்தனம், வெறும் இரும்பு. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முதல் டிகிரி, அதுவும் கெமிஸ்ட்ரி. 'அண்ணே, இதுக்கு மட்டும் வேண்டாம்' — அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால், பூஜையில் போய் வேண்டாம் என்ற பெண் ஆகிவிடுவேன். கிண்ணத்தை வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் வைத்தேன். "அழகா வைக்கிது பாரு" என்றார் ராம்கி அண்ணன்.

பூஜையில் வைத்ததை எடுக்கக் கூடாது என்று ஷெட்டைப் பூட்டினார்கள். அதற்கு முன் ஒரே தாம்பாளத்திலிருந்து எல்லோரும் பொரி அள்ளிச் சாப்பிட்டோம். நானும்.

அக்டோபர் 2, வியாழன்

விடியும்போதே மழை. பூட்டிய ஷெட்டுக்குள் இந்நேரம் ஒவ்வொரு பொட்டும் வேலை செய்துகொண்டிருக்கும்.

அக்டோபர் 3, வெள்ளி

பொட்டு வைத்த இடமெல்லாம் பொட்டளவு துரு. நாகநாதன் துடைத்துக் காட்டிவிட்டு, "இதுமேல அடிச்சா ஆறு மாசத்துல உரிஞ்சிடும்" என்றார்.

"இதுக்குத்தான் இத்தன நாளு கரண்டு போட்டு வச்சியாம்மா?" என்றார் சார். "திருச்சிக்கே அனுப்பிடுவோம்."

"நான்தான் சார் வைக்கச் சொன்னேன்" என்று ராம்கி அண்ணன் குறுக்கே வந்தார். "இதுக்குத் தெரியாது, பாவம்."

பாவமாம். தெரியாதாம். அதக் கேட்டதுந்தான் வாய் தொறந்துச்சு.

"தெரியும் சார். தெரிஞ்சேதான் வச்சேன். கூப்புட்டாங்க... அதான்."

யாரும் சிரிக்கல. சார் என்னையே பாத்தாரு. "கூப்புட்டா வச்சிடுவியா?"

"திங்கக்கெழம காலையில திரும்ப எடுத்துத் தர்றேன் சார். சாவி மட்டும் குடுங்க."

எங்கேருந்து வந்துச்சு இவ்வளவு பேச்சு? குடுத்துட்டாரு. பிறகு டயருக்குப் பின்னாடி போய் டிபனைத் தொறந்து வச்சுக்கிட்டு அழுதேன். ஜெயிச்ச மாதிரியும் இல்ல, தோத்த மாதிரியும் இல்ல.

அக்டோபர் 5, ஞாயிறு

பெரிய ஷெட், நான் ஒருத்தி, குமிழிச் சத்தம். மேலோட்டமான துருதான், போய்விட்டது. ஒரே ஒரு பம்பர் தாங்கியில் மட்டும் வட்டமாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவிவிட்டுப் பூட்டினேன்.

அக்டோபர் 6, திங்கள்

நாகநாதன் தின்னர் போட்டு எண்ணெயைத் துடைத்து, பிரைமர் அடித்துவிட்டார். சார் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. திருச்சி என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

பியட் இன்று திருவாரூருக்குக் கிளம்பியது. எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ராம்கி அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு கார் முன்னால் நின்று திரும்பினார். "செம்மொழி, எங்க வைக்கலாம்? நீ உத்தரவு குடுத்தாத்தான் வைப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"கண்ணாடியில வைங்கண்ணே."

கண்ணாடியில் வைத்தார்.

டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு ஜீப்பின் சாமான்கள் நேற்றே வந்து குவிந்துவிட்டன. பில் போட சார் வேறு ஆள் தேடுகிறார். மதியம் ராம்கி அண்ணன் கேட்காமலே என் வத்தக்குழம்பில் பாதியை ஊற்றிக்கொண்டார்.

சாயங்காலம் அம்மா, "எல்சி நல்லாருக்காளா?"

"வேலைய விட்டுப் போயிட்டாம்மா."

"அய்யய்யோ. அப்ப யாரோட சாப்புடுற?"

"இங்க எல்லாரோடவும்தான்."

போனை வைத்த பிறகு அறை ரொம்ப அமைதியாக இருந்தது. எல்சி போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.