இடது பக்கக் கண்ணாடி

மோட்டார் சைக்கிளின் இடது கைப்பிடி ரப்பரை பிளேடால் கீறியதும் உள்ளேயிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தேன். கஞ்சி! நான் காய்ச்சிய கஞ்சி. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தப் புளிப்பு லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது. எதிர் கோடவுனில் சுக்கு காயப் போட்டிருந்தார்கள். மட்டாஞ்சேரி முழுக்க அந்தக் காரநெடி மிதந்துகொண்டிருக்க, எனக்கு மட்டும் உங்கள் கிறுக்குத்தனம் மூக்கில் ஏறியது.

அன்றைக்குப் புது ரப்பர் ஹேண்டில்பாரில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. சோப்புத் தண்ணீர் தடவினால் ஏறிவிடும் என்று, முனிசிபாலிட்டி பம்ப் ஹவுஸில் ஆயுசு முழுக்க ஸ்பேனர் பிடித்த உங்களுக்குத் தெரியாதா என்ன? ஆனால் கைக்கு எட்டியது என் கஞ்சிப் பாத்திரம். திருவிழா வேட்டிகளுக்காக, துணி துவைக்கும் களத்தில் நான் காய்ச்சி ஆறவைத்திருந்தது. தொட்டுப் பூசினீர்கள். ரப்பர் சர்ரென்று ஏறியது. "பாத்தியாடீ, உன் கஞ்சிக்கு வண்டியே மயங்குது!" என்றீர்கள். மறுநாள் கஞ்சி காய்ந்து, ரப்பர் கோணலாக அப்படியே இறுகிவிட்டது. திருப்பவும் முடியவில்லை, உருவவும் முடியவில்லை. நான் சிரித்த சிரிப்பில் களத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைசிவரை அந்தக் கோணலோடுதான் ஓட்டினீர்கள்.

இப்போது அதைக் கீறி எடுக்க வேண்டியதாகிவிட்டது. உங்கள் அப்பா காலத்து வண்டிக்குப் பதிவு முடிகிறது. சோதனையில் தேறினால்தான் ரோட்டில் ஓடலாம். ஃபோர்ட்கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டேக்காரர் அதை வரவேற்பறையில் அலங்காரமாக நிறுத்தக் கேட்கிறார். நம் மகன் துபாயிலிருந்து, "அம்மா, ஒரே ஒரு தடவை. பாஸ் ஆகலைன்னா கொடுத்துடணும், கேட்டோ" என்றான். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பூச்சாடிக்குப் பக்கத்தில் நம் வண்டி நிற்பதை நினைத்துப் பாருங்கள்!

க்ளட்ச், பிரேக் லீவர் இரண்டையும் நானே இடம் மாற்றினேன். அவை உங்கள் நீளக் கைக்கு வைத்தவை; என் விரலுக்கு எட்டவில்லை. பிடியைத் தளர்த்தி, சீட்டில் உட்கார்ந்து, மணிக்கட்டு மடங்காமல் விரல் நேராக விழும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இறுக்கினேன். க்ளட்ச் கல் மாதிரி இருக்கும் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். கரிப்பெட்டியால் இஸ்திரி போட்டே தேய்ந்த கை இது, அதற்குப் போய் பயப்படுமா? ஒரு வருஷமாகக் களத்துக்குப் பின்னால் ஓட்டிப் பழகியிருக்கிறேன். நீங்கள் பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டிருப்பீர்கள்.

மிச்சம் இருந்தது இடது பக்கக் கண்ணாடி. அது வந்த கதையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். தோப்பும்படி பெட்ரோல் பம்பில் என்னை இறக்கிவிட்டு, பெட்ரோல் போட்டு, நான் ஏறிவிட்டேன் என்று நினைத்து நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள்! வழியெல்லாம் என்னோடு பேசிக்கொண்டே போனீர்களாம். வாசலில் வண்டியை நிறுத்தி, "என்னடீ, ஒண்ணும் மிண்டமாட்டேங்குற?" என்று திரும்பினால் பின்னால் சீட்டுதான் இருந்ததாம். நான் கப்பைக்கிழங்குப் பையோடு ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தபோது நீங்கள் என்னைத் தேடி பம்புக்கே திரும்பிப் போயிருந்தீர்கள். மூன்று நாள் நான் உங்களோடு பேசவில்லை.

நாலாம் நாள் இந்தக் கண்ணாடியைப் பொருத்தி, உள்பக்கமாகச் சாய்த்து வைத்தீர்கள். "இனி உன் முந்தானை நுனி தெரியாம வண்டி எடுக்கமாட்டேன், போதுமா?" அதோடு ஒரு வழக்கமும் வந்தது. புறப்படும் முன் "ஏறியாச்சா?" என்று கேட்பீர்கள். நான் உங்கள் தோளில் இரண்டு தட்டு தட்டுவேன். பிறகுதான் வண்டி நகரும்.

பாலம் இறங்கியதும் வருகிற சாயாக்கடை இப்போதும் இருக்கிறது. மகனை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பிய சாயங்காலம் காயல் முழுக்க ஒரே மஞ்சளாகக் கிடந்தது. நான் ஒருக்களித்து உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டு வந்தேன். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்காது என்ற தைரியம். நீங்கள் ஓரமாக நிறுத்தி, "தொண்டை வரளுது, ஒரு சாயா குடிக்கலாம்" என்றீர்கள். என் அம்மா தவறிப்போன வாரமும் அப்படித்தான். உங்கள் அக்கா என்னைச் சொல்லக்கூடாத சொல் சொன்ன அன்றும் அப்படித்தான். இந்த மனுஷனுக்கு நேரங்காலம் தெரியாமல் சாயா தாகம் என்று எத்தனை தடவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

நேற்று அடுத்த தெரு மெக்கானிக் பாபு சேட்டன் வந்தார். ஒரு முறை பார்த்துவிட்டு, "சேச்சீ, இந்தக் கண்ணாடி ரோட்டைக் காட்டணும். இப்படி இருந்தா பாஸ் ஆகாது. இது எதைக் காட்டுது?" என்றார்.

"என் முந்தானை நுனியை" என்றேன்.

அவர் நம்பவில்லை. உங்கள் உயரம்தானே அவரும்? முன்சீட்டில் உட்கார்ந்து, என்னைப் பின்னால் ஏறச் சொன்னார். வழக்கம்போல ஒருக்களித்து உட்கார்ந்து தெருவைப் பார்த்தேன்.

"முந்தானையா? சேச்சியோட முகம் முழுசாத் தெரியுதே!"

அப்போதுதான், முதல்முறையாக, அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பினேன். வட்டக் கண்ணாடிக்குள் பாபு சேட்டனின் இரண்டு கண்கள் நேராக என்னைப் பார்த்தன. இத்தனை வருஷமும் அந்த இடத்தில் உங்கள் கண்கள் இருந்திருக்கின்றன. நான் கடைகளைப் பார்த்தேன், காயலைப் பார்த்தேன், படகுகளைப் பார்த்தேன். ஒரு தடவைகூட அங்கே பார்க்கவில்லையே, பாவி நான்.

பாபு சேட்டன் ஸ்பேனரை எடுத்தார். "நான் செய்யுறேன்" என்று வாங்கிக்கொண்டேன். நட்டு துருவேறி அசையவில்லை. தேங்காயெண்ணெய் விட்டு, அது இறங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு திருப்பினேன். முதலில் என் தோள், பிறகு கொடியில் ஆடும் வேட்டிகள், கடைசியில் ரோடு தெரிந்தது. இறுக்கிவிட்டேன்.

இன்று காலை சோதனை மைதானத்தில் ஆபீசர் கண்ணாடியையும் லீவரையும் பார்த்துத் தலையசைத்தார். "ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க" என்றார். உதைத்துக் கிளப்பினேன், எஞ்சின் அணைந்துவிட்டது. மறுபடி உதைத்தேன், மறுபடி அணைந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். பூச்சாடி கண்ணில் வந்து நின்றது. மூன்றாவது தடவை எஞ்சின் பிடித்ததும், என்னை அறியாமல் வாய்விட்டுக் கேட்டேன்:

"ஏறியாச்சா?"

இரண்டு தட்டு விழும் நேரம் காத்திருந்தேன். க்ளட்சை விட்டேன். வண்டி வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. பாஸ்!

திரும்பும்போது இடது பக்கக் கண்ணாடியில் பஸ், லாரி, பின்வாங்கும் பாலம் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தன. என் முகம் மட்டும் எதிலும் தெரியவில்லை. பாலம் இறங்குகையில் கண் நிறைந்து ரோடு கலங்கியது. ஓரமாக நிறுத்தினேன்.

"எந்தா சேச்சி?" என்றார் கடைக்காரர்.

"தொண்டை வரளுது. ஒரு சாயா" என்றேன்.