அப்பா இனி இறங்க வேண்டாம்

ஸ்டீயரிங்கை நெஞ்சோடு அணைத்தபடி வண்டி ஓட்டும் என் அம்மாவுக்கு,

உன் ஜீப்பின் பின்சக்கரங்களைச் சுழற்றும் ஆக்ஸிலை மாற்றிவிட்டேன். பதறாதே. பச்சை நிறம் அப்படியேதான் இருக்கிறது. கதவு போடவில்லை, பாட்டுப் பெட்டி வைக்கவில்லை. தெருவில் நின்று பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் உனக்குத் தெரியும். ஏறி உட்கார்ந்து கொஞ்ச தூரம் போவதற்குள் கண்டுபிடித்திருப்பாய்.

சனிக்கிழமை விடிகாலைகளை நினைத்துக்கொள்கிறேன். அக்ரஹாரத்துச் சந்திலிருந்து நீ பின்னோக்கி எடுக்கும்போதே பூக்காரம்மா கேட்காமலே கூடையை நகர்த்திக்கொள்வார். வாரமெல்லாம் நஞ்சன்கூடு கம்பெனியில் நின்று வேலை பார்த்த அப்பா, இடது சீட்டில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். தாத்தா உனக்கு நிலத்தையும் ஜீப்பையும் சேர்த்தே கொடுத்தார். அப்பாவுக்கு வண்டி ஓட்ட வராது. கற்றுக்கொள்ளவும் அவர் ஆசைப்பட்டதில்லை. கொள்ளேகால், ஹனூர் எல்லாம் தூக்கத்திலேயே கடந்துவிடும். கோபிநத்தம் பக்கம் காட்டோரப் பாதைக்கு வண்டி திரும்பியதும் யாரும் எழுப்பாமலே விழித்துக்கொள்வார். அங்கேதான் அவருடைய வேலை இருந்தது.

நம் நிலத்துக்கு முன்னால் வரும் அந்த ஓடை ஏற்றம். பாதி வழியில் பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பிச் சும்மா சுழலும். மண்ணில் பதிந்திருக்கும் மற்றது அசையாது. நீ தலையைத் திருப்பாமலே சொல்வாய்: "ஏனுங்க, எறங்குங்."

அவர் இறங்கிப் பின்பம்பரின் இடது மூலையில் ஏறி நின்று கூரைக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். அவர் கனத்தில் சக்கரம் தரையைத் தொடும், வண்டி மேலே ஏறும். நான் பின்னாலேயே ஓடி வருவேன். ஒரு கல்யாண வீட்டில் யாரோ "மாப்ளைக்கு வண்டி ஓட்ட வராதாமே?" என்று குத்தலாகக் கேட்டபோது நீ சொன்னாய்: "ஓட்டறது நானு, ஏத்தறது அவரு. அவரு எறங்கி நிக்கலீன்னா என் வண்டிக்கு மூணு சக்கரந்தானுங்." பந்தியில் எல்லோரையும்விட அப்பாதான் அதிகம் சிரித்தார்.

நீ கண்ணை மூடிய அடுத்த வருஷம் குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். நடக்கிறார், ஆனால் எதன்மேலும் ஏறக்கூடாது. அதன் பிறகு முதல் தடவை நான் ஓட்டிக்கொண்டு போனேன். ஓடையில் சக்கரம் சுழன்றதும் வழக்கம்போல இறங்கிவிட்டார். பம்பர்மேல் காலைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. இன்னொரு தடவை பார்த்தார். நான் கண்ணாடியில் பார்க்காத மாதிரி இருந்தேன். பிறகு வண்டியைப் பின்னாலேயே இறக்கித் திருப்பிவிட்டேன்.

கொள்ளேகாலில் டீ குடிக்கும்போதுதான் வாயைத் திறந்தார். "நெலத்தக் குத்தகைக்கு உட்டுரலாங் கண்ணு. பக்கத்து நெலத்து முருகேசன் கேட்டுட்டே இருக்கறான். நிக்க முடியாதவன் அங்க போயி என்ன பண்றது?"

நிலம் போய்விடுமே என்று எனக்குத் தோன்றவில்லை, அம்மா. சனிக்கிழமை போனால் அப்பாவிடம் மிச்சம் என்ன இருக்கும் என்றுதான் பயந்தேன்.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்: படித்தேன். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. இரண்டையும் தனித்தனி வேகத்தில் ஓட விடுவதற்கு ஆக்ஸிலின் நடுவே டிஃபரன்ஷியல் இருக்கிறது. சாலையில் அது செய்வது உபகாரம். ஓடையிலோ, எந்தச் சக்கரம் இலேசாகச் சுழல்கிறதோ அதன் வழியே எஞ்சினின் சுழற்சியெல்லாம் போய்விடும். மண்ணைப் பிடித்துக்கொண்டு பாடுபடும் சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. லாக்கர் என்று ஒன்று உண்டு. ஸ்விட்சைத் தட்டினால் இரண்டு சக்கரங்களையும் பூட்டி ஒன்றாகச் சுழல வைக்கும்.

உன் மெக்கானிக் ரவியண்ணாவிடம் அப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். "லாக்கர் மட்டும் போடறது பேடா மேடம், வேண்டாம்," என்றார் அவர், கன்னடம் கலந்து. "பாரம் பூரா ஒரே பக்கம் உக்காந்தா இந்த ஹளே, பழைய ஆக்ஸில் முறிஞ்சுடும். தடியானதா மாத்திட்டு அப்புறம் லாக்கர் போடலாம்."

அப்பா கேட்டார்: "அப்ப நா எறங்க வேண்டியதில்லையா ரவி?"

"பேடவே பேடா சார். நீங்க சீட்டுல ஆராமா உக்காந்துக்குங்க."

"ஆராமா உக்கார்றதுக்கு வூட்டுல சோபா இருக்குதே," என்றார் அப்பா. அதோடு ஒர்க்‌ஷாப் பக்கமே வரவில்லை.

கழற்றிய பழைய ஆக்ஸிலை ரவியண்ணா துடைத்துக் காட்டினார். நுனியில் நேராக இருக்க வேண்டிய பல்வரிகள் லேசாக முறுக்கிக்கொண்டிருந்தன. "அம்மா காலு கொஞ்சம் கனம் மேடம், அல்லவா?" என்று சிரித்தார். நான் அந்த முறுக்கை விரலால் தடவிப் பார்த்தேன். எத்தனை மழைக்காலத்து ஏற்றங்கள்! இரும்புக்குள் உன் கால் அழுத்தம் இப்படித் தங்கியிருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

போன சனிக்கிழமை புறப்பட்டோம். அப்பா வந்தது ஜீப்புக்காக இல்லை. குத்தகையைப் பேசி முடிக்க முருகேசனை நிலத்துக்கு வரச் சொல்லியிருந்தார். வழியெல்லாம் தூங்கவில்லை. ஓடையில் வழக்கமான இடத்தில் சக்கரம் எழும்பியது. அவர் கால் தானாக வெளியே போனது.

"உக்காருங்கப்பா," என்று ஸ்விட்சைத் தட்டினேன். அடியில் டக்கென்று ஒரு சத்தம். வண்டி ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு, அவசரமில்லாமல், கல் கல்லாக ஏற ஆரம்பித்தது. மூக்கு நிமிர்ந்துகொண்டே போனது. அப்பா முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ரோட்டையே காணமே கண்ணு. வெறும் வானந்தான தெரியுது?"

"மேல போய்ச் சேர்ற வரைக்கும் தெரியாதுப்பா."

"உங்கம்மாளுக்கு?"

"அம்மாவுக்கும் இதேதான்."

மேலே வந்து வண்டியை நிறுத்தினேன். அவர் கையை எடுக்கவில்லை. "நான் பாட்டுக்குப் பின்னாடி சக்கரத்தப் பாத்துட்டு நிப்பேன்," என்றார். "அவளுக்கு வழி தெரியுது, ஓட்டறான்னு நெனச்சேன். இப்படிக் கண்ணக் கட்டுனாப்பலயா ஏறுனா?"

நீ ஏன் அவரிடம் இதைச் சொன்னதே இல்லை? பின்னால் ஒருவர் நிற்கிறார் என்ற தைரியத்தில் சொல்லத் தோன்றவில்லையா? இல்லை, சொன்னால் அவர் உன்னை ஓட்டவே விடமாட்டார் என்றா?

முருகேசன் வரப்பில் காத்திருந்தார். அப்பா மெதுவாக இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு அவரிடம் போனார். "தப்பா நெனச்சுக்காத முருகேசா. இந்த வருசம் நாங்களே வெள்ளாமை போட்டுக்கறோம்."

"ஏனுங், பேசி முடிக்கலாம்னுதானே வரச் சொன்னீங்க?"

"அவ பாத்த வழிய இன்னிக்குத்தாம் பாத்தேன். இன்னுங் கொஞ்ச நாளைக்குப் பாக்கோணும்."

அம்மா, ஒரு வாக்குக் கொடுக்கிறேன். லாக்கர் எவ்வளவு பலமாக இருந்தாலும் அந்த ஏற்றத்தில் நான் தனியாக ஏற மாட்டேன். வானம் மட்டும் தெரியும் அந்த நேரத்தில் அப்பா பக்கத்தில் இருப்பார். பயமாக இருந்தால் அவரிடம் சொல்வேன்.

உன் சீட்டில் உட்கார்ந்து, உன்னைப் போலவே ஸ்டீயரிங்கை அணைத்துக்கொள்ளும்
உன் மகள்