பூஜையில் வைத்த துப்பாக்கி

கிள்ளான்,
தீபாவளிக்கு முந்தைய வாரம்.

தம்பி ராஜனுக்கு அக்கா தனலெட்சுமி எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. தாய்லாந்தில், ஹாட்யாயில் சிநேகிதன் வீட்டில் ஒளிந்துகொண்டு வேளாவேளைக்குத் தின்கிறவன் நலமாகத்தான் இருப்பான். எங்கள் கைப்பேசிகளைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதனால்தான் லோரி ஓட்டும் சுகுமாறன் அண்ணனிடம் இந்தக் கடிதம்.

எல்லாம் உன் அருமைத் தம்பியின் புத்திசாலித்தனம். ஆயுத பூஜைக்கு நான் ஓட்டும் பள்ளி வேனைக் கழுவி, அதன் முன்னால் வாழையிலை போட்டு, ஸ்பேனர், ஜேக், சாவியெல்லாம் பரப்பி வைத்திருந்தேன். பொரி வாங்கிக்கொண்டு வருவதற்குள் குகன் அவற்றின் நடுவில் உன் துப்பாக்கியை வைத்து, சந்தனம் பூசி, குங்குமப் பொட்டும் வைத்து, படம் பிடித்து வாட்சப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். 'தொழிலே தெய்வம்' என்று ஒரு வரி வேறு! அந்தச் சனியன் வீட்டில் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

வேன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்குவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. சந்தனத்தைப் பார்த்த மலாய்க்கார அதிகாரி, இதுவும் சாமியா என்று என்னைக் கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இதைப் பார்க்க அம்மா இல்லாததே நல்லது.

தொழிலாம், தொழில்! பிரிக்பீல்ட்ஸில் எவனையோ சுடப் போய், கடையில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்த பாசில் பாயின் முழங்காலில் சுட்டாயே, அதுவா? எதிரில் நிற்கிறவனைக் குறி பார்க்கத் தெரியாத உனக்கு ஊரில் பாஸ் என்று பட்டம். சுட்டதும் வீட்டுக்கு ஓடி வந்து, துப்பாக்கியைத் தம்பி கையில் திணித்துவிட்டு எல்லை தாண்டிய வீரனும் நீதான். பாசில் பாயைப் போய்ப் பார்த்தேன். இனி நின்று ரொட்டி போட முடியாதாம். என் முகத்தைப் பார்க்காமலே, எனக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னார்.

'சுட்டது நான்தான்' என்று குகன் ஒப்புக்கொண்டிருக்கிறான். நீ அந்தப் பக்கமே வரவில்லையாம். நீ சுட்ட அன்றைக்கு அவன் காய்ச்சலில் வீட்டில் சுருண்டு கிடந்தான். நான் சொன்னால், அக்கா அப்படித்தான் சொல்வாள் என்கிறார்கள். ஆள் சாகாவிட்டாலும், துப்பாக்கியால் சுட்டதற்கு இந்த நாட்டுச் சட்டப்படி தூக்கு, தப்பினால் முப்பது வருஷத்துக்குக் குறையாத சிறை என்கிறார் வக்கீல். உண்மையைச் சொல்ல நீ வர வேண்டும்.

நேற்று சிறையில் அவனைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெலிந்துபோய் உட்கார்ந்திருந்தான். உன் அண்ணன் ஒரு கோழை என்று கத்தினேன். அவன் காதிலேயே வாங்கவில்லை. அங்கே அண்ணனுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்று கேட்டான். அந்த மடையனுக்கு என்ன பதில் சொல்வேன்? நீயே வந்து சொல்.

சுகுமாறன் அண்ணன் வெள்ளிக்கிழமை திரும்புகிறார். லோரியில் இடம் இருக்கிறது. வீட்டுக்கு வராதே, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ. நீ உள்ளே போனால் உன்னையும் பார்க்க வருவேன்.

நன்றாயிரு என்று முடிக்க வேண்டும். அதை நீ வந்த பிறகு, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சொல்கிறேன்.

அக்கா,
தனலெட்சுமி